வெறுங்கையின் அறம்

நுழையும்முன்

உடல் வலிமையைப் பெருக்கிக்கொள்ளவே பலரும் தற்காப்புக்கலையைப் பயிலத் தொடங்குகின்றனர். பெற்ற வலிமையை எங்கே பயன்படுத்தக்கூடாது என்று அறிவதே அக்கலையின் உயர்ந்த பாடம் என வாழ்ந்துகாட்டியவர், ஜப்பானியப் பள்ளி ஆசிரியர் ஒருவர். ஒரு சிறு தீவில் மறைவாகப் பயிலப்பட்டுவந்த கராத்தே, உலகெங்கும் பரவுவதற்கு அவருடைய உழைப்பு பெருங்காரணமாயிற்று. கிச்சின் ஃபுனகோஷி என்னும் அப்பெருந்தகையின் வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

தீவும் கலையும்

ஜப்பானின் தென்கோடியில், சீனக்கடற்கரையை நோக்கி நீளும் தீவுக்கூட்டத்தில் பெரியது ஒக்கினாவா. ரியூக்கியூ என்னும் தனியரசாகப் பல நூற்றாண்டுகள் விளங்கிய இத்தீவு, சீனாவுடனும் ஜப்பானுடனும் தென்கிழக்காசிய நாடுகளுடனும் கடல்வழி வணிகம் செய்து செழித்தது. 1609ஆம் ஆண்டு சத்சுமா என்னும் ஜப்பானியக் குறுநில ஆட்சியாளர்கள் படையெடுத்து வந்து இதனைத் தம் மேலாண்மையின்கீழ்க் கொண்டுவந்தனர். படைக்கருவிகளைக் கையாளுவதற்குக் கட்டுப்பாடுகள் நிலவிய அச்சூழலில், கைகால்களையே கருவிகளாகக் கொள்ளும் கலை அங்கு வளர்ந்தது. உள்ளூர்ப் போர்முறையும் சீனத்திலிருந்து வந்த போர்முறையும் அதில் ஒன்றுகலந்தன. இக்கலையைக் கற்பித்தோர் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. கற்றோரும் அதனைப் பிறரிடம் கூறவில்லை. எழுதிவைக்கப்பட்ட பாடநூலோ பெயர்ப்பலகை தாங்கிய பயிற்சிக்கூடமோ அக்காலத்தில் இல்லை.

நலிந்த குழந்தை

ரியூக்கியூ அரசின் தலைநகராக இருந்த சூரியில், 1868ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் ஃபுனகோஷி பிறந்தார். அவருடையது அரசுப்பணியாற்றி வந்த, எளிய நிலையிலிருந்த குடும்பம். குறைமாதத்தில் பிறந்த அக்குழந்தை நெடுநாள் உயிர்வாழாது என்றே உற்றார் எண்ணினர். தாய்வழிப் பாட்டனார் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று வளர்த்தார். கன்பூசியசின் அறநூல்களையும் கற்பித்தார். நோயுற்ற உடலும் நூலறிவில் தோய்ந்த உள்ளமுமாக அவருடைய இளமை கழிந்தது.

தொடக்கப்பள்ளியில் அவருடன் பயின்ற தோழன் ஒருவனின் தந்தை அங்கோ அசாத்தோ. வாள்வீச்சு, வில்வித்தை, குதிரையேற்றம் ஆகியவற்றில் தேர்ந்த அவர், தீவில் கராத்தே அறிந்தோருள் முதன்மையானவராக மதிக்கப்பட்டார். அவரிடம் ஃபுனகோஷி பயிற்சியைத் தொடங்கினார். அசாத்தோவின் நண்பரான அங்கோ இத்தோசுவும் பின்னர் அவருக்கு ஆசிரியரானார். ஆண்டுகள் செல்லச்செல்ல உடலின் நலிவு நீங்கியது. தமக்கு உயிரளித்த கலை இது என்ற நன்றியுணர்வு ஃபுனகோஷியின் உள்ளத்தில் வேரூன்றியது.

குடுமியும் கல்வியும்

ஃபுனகோஷி பிறந்த ஆண்டிலேயே ஜப்பானில் மெய்ஜி பேரரசரின் புதிய ஆட்சி தொடங்கியது. 1879இல் ரியூக்கியூ அரசு நீக்கப்பட்டு, ஒக்கினாவா ஜப்பானின் மாவட்டங்களுள் ஒன்றாக்கப்பட்டது. பழைய வழக்கங்களைக் கைவிடுமாறு புதிய அரசு கட்டளையிட்டது. ஆண்கள் தலையில் முடிந்திருந்த குடுமியை நீக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அக்குடுமி மூதாதையர் வழிவந்த மதிப்பின் அடையாளம் எனக் கருதிய குடும்பங்கள் பலவாக இருந்தன. ஃபுனகோஷியின் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

மருத்துவராக விரும்பிய ஃபுனகோஷி, டோக்கியோ மருத்துவப் பள்ளிக்கான நுழைவுத்தேர்வில் வெற்றிபெற்றார். ஆனால், குடுமி வைத்திருப்போர்க்கு அங்கு இடமில்லை. குடும்பத்தாரின் உணர்வை மீற இயலாமல் அவர் அவ்வாய்ப்பைத் துறந்தார். பின்னர், 1888ஆம் ஆண்டு உதவி ஆசிரியர் பணி கிடைத்தது. அப்பணிக்கும் குடுமியை நீக்குவது கட்டாயமாக இருந்தது. புதுமையைக் கற்பிக்கப்போகும் ஆசிரியர் பழைமையைத் தலையில் தாங்கி நிற்றல் பொருந்தாது என்று தெளிந்து, குடுமியை நீக்கிக்கொண்டார். அக்கோலத்தில் மகனைக் கண்ட பெற்றோர் பெருஞ்சினமும் பெருந்துயரமும் கொண்டனர். தாம் மேற்கொண்ட ஆசிரியப்பணியை அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தார்.

ஒரு பாடம், பல ஆண்டுகள்

பகலில் பள்ளியில் கற்பித்த ஃபுனகோஷி இரவில் மாணவரானார். நிலவற்ற இரவுகளில் மங்கலான கைவிளக்கின் ஒளியில் ஆசிரியரின் இல்லம் நோக்கி நடந்தார். பொழுது விடியும் வேளையில் வீடு திரும்பினார். அவர் எங்கோ தகாத இடங்களுக்குச் சென்று வருவதாக அண்டை வீட்டார் ஐயுற்றனர். உண்மையைக் கூற இயலாத அவர், அவ்வலரைப் பொறுத்துக்கொண்டார்.

அசாத்தோவின் வீட்டு முற்றமே பயிற்சிக்களம். ஆசிரியர் திண்ணை போன்ற மேடையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். மாணவர் முற்றத்தில் காட்டாவைச் செய்துகாட்டுவார். காட்டா என்பது தடுத்தல், குத்துதல், உதைத்தல், திரும்புதல் ஆகிய அசைவுகளை மாறாத வரிசையில் கோத்து அமைத்த பயிற்சிமுறை. எதிரில் எவரும் இல்லாமலே, பகைவர் சூழ்ந்து நிற்பதாக எண்ணி அதனைச் செய்யவேண்டும். பாதம் ஊன்றும் இடம், இடுப்பின் திருப்பம், மூச்சின் அளவு, பார்வையின் திசை ஆகிய அனைத்தும் வரையறுக்கப்பட்டவை.

ஒரு காட்டா முழுமையாகக் கைவரும்வரை அடுத்ததற்குச் செல்ல அசாத்தோ இசைவதில்லை. குதிரைமேல் அமர்ந்தாற்போலக் கால்களை அகற்றி ஊன்றி, பக்கவாட்டில் நகர்ந்து செய்யப்படுவது நைஹாஞ்சி. அவ்வகையைச் சேர்ந்த மூன்று காட்டாக்களைக் கற்றுத்தேற மட்டும் ஃபுனகோஷிக்குப் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன. மீண்டும் செய்யுமாறு பணிப்பதே ஆசிரியரின் விளக்கமாக இருந்தது. அரிதாக வெளிப்படும் ஓரிரு சொற்பாராட்டே மாணவர்க்குப் பெரும்பரிசு. ஒரே பாடத்தைத் திரும்பத்திரும்பச் செய்யும்போது எழும் சலிப்பும் இழிவுணர்வும் அவரை வாட்டின. அவற்றை வெல்லுவதே முதற்போர் என்பதை அவர் காலப்போக்கில் உணர்ந்தார்.

மக்கிவாரா எனப்படும் வைக்கோல் சுற்றிய மரத்தூணில் நாள்தோறும் குத்திப் பழகினார். சூறைக்காற்று தீவைத் தாக்கிய ஒரு நாளில், வீட்டுக் கூரைமேல் ஏறி, கோரைப்பாய் விரிப்பை இரு கைகளாலும் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, கால் பெயராமல் நிற்க முயன்றார். காற்று அவரைக் கீழே தள்ளுந்தோறும் எழுந்து மீண்டும் நின்றார்.

ஆசிரியப்பணியின் ஊதியம் குடும்பத்திற்குப் போதவில்லை. பதவி உயர்வு பெற்றால் தொலைவிலுள்ள ஊருக்குச் செல்ல நேரும், பயிற்சி தடைப்படும். ஆதலின் அவர் அதனை ஏற்கவில்லை. அவருடைய மனைவியார் பகலில் காய்கறி பயிரிட்டும் இரவில் துணி நெய்தும் குடும்பத்தைத் தாங்கினார். கணவரின் பயிற்சியைக் குறைகூறாத அவ்வம்மையார் தாமும் கராத்தே அசைவுகளைக் கற்றுக்கொண்டார். அக்கம்பக்கத்தில் சண்டை மூளும்போது இருதரப்பையும் அமைதிப்படுத்தும் ஆற்றலும் அவருக்கு வாய்த்திருந்தது.

பறிபோன பலகாரம்

ஒருநாள் மாலை, முன்னோர் வழிபாட்டில் படைப்பதற்கான பலகாரத்தை எடுத்துக்கொண்டு ஃபுனகோஷி உறவினர் இல்லத்திற்குச் சென்றுகொண்டிருந்தார். ஆளரவமற்ற வழியில் முரடர் இருவர் அவரை மறித்தனர். புகையிலையும் மதுவும் கேட்டு மிரட்டினர். அப்பழக்கங்கள் தமக்கு இல்லை என்று அவர் பணிவாகக் கூறினார். கையிலிருந்த பொட்டலத்தைக் கண்ட அவர்கள் அதனைக் கேட்டனர். அவர் எதிர்ப்பேதும் காட்டாமல் கொடுத்துவிட்டு நடந்தார். அவ்விருவரையும் நொடிப்பொழுதில் வீழ்த்தும் பயிற்சி அவரிடம் இருந்தது.

பின்னர்த் தம் ஆசிரியர் இருவரிடமும் நிகழ்ந்ததை எடுத்துரைத்தார். தாம் கற்பித்த நேரம் வீணாகவில்லை என்று இத்தோசு மகிழ்ந்தார். அசாத்தோவோ, பலகாரம் பறிபோனபின் முன்னோர்க்கு எதனைப் படைத்தாய் என வினவினார். கையில் ஒன்றும் இல்லாமையால் உள்ளம் ஒன்றி வணங்கியதாக ஃபுனகோஷி விடையளித்தார். அதுவே கராத்தேவின் உண்மையான உணர்வு என அசாத்தோ உளங்குளிர்ந்து பாராட்டினார். பல ஆண்டுக் காட்டாப் பயிற்சியில் கிடைக்காத பாராட்டு, கையை உயர்த்தாமல் இருந்ததற்காக அன்று கிடைத்தது.

கடல் கடந்த கலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. இத்தோசுவின் முயற்சியால் ஒக்கினாவாப் பள்ளிகளின் உடற்பயிற்சியில் கராத்தே இடம்பெற்றது. இளஞ்சிறார்க்கு ஏற்ற எளிய காட்டாக்களையும் அவர் வகுத்தளித்தார். மறைவில் வாழ்ந்த கலை வகுப்பறை முற்றத்திற்கு வந்தது. 1921ஆம் ஆண்டு, ஐரோப்பியப் பயணத்தின் வழியில் ஒக்கினாவாவுக்கு வந்த ஜப்பானிய இளவரசர் ஹிரோஹிட்டோவின் முன்னிலையில், சூரிக் கோட்டையில் கராத்தே செய்துகாட்டப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் ஃபுனகோஷி.

அடுத்த ஆண்டு டோக்கியோவில் கல்வி அமைச்சகம் நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சியில் கராத்தேவை அறிமுகப்படுத்தும் பொறுப்பும் அவருக்கு வந்தது. காட்டாக்களின் நிலைகளை ஒளிப்படங்களாக மூன்று சுருள்களில் ஒட்டி எடுத்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது 53. கண்காட்சி முடிந்ததும் ஊர் திரும்புவதே அவருடைய எண்ணம். ஆயினும், ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ தம் பயிற்சிக்கூடமான கோடோக்கானில் கராத்தேவைச் செய்துகாட்டுமாறு வேண்டினார். அங்குக் கூடியோரின் ஆர்வத்தைக் கண்டபின் ஃபுனகோஷி பயணத்தை ஒத்திவைத்தார். ஹோவான் கொசுகி என்னும் ஓவியரும் கற்பிக்குமாறு வேண்டினார். டோக்கியோவிலேயே தங்கி இக்கலையைப் பரப்ப முடிவுசெய்த ஃபுனகோஷி, குடும்பத்தாரின் இசைவையும் மடல்வழிப் பெற்றார். மனைவியார் முன்னோர் வழிபாட்டை விட்டு வர மனமின்றி ஒக்கினாவாவிலேயே தங்கினார். அதன்பின் அவ்விருவரும் நெடுங்காலம் பிரிந்தே வாழ நேர்ந்தது.

விடுதிப் பணியாளர்

ஒக்கினாவா மாணவர்கள் தங்கிய மெய்செய் ஜுக்கு என்னும் விடுதியில் ஒரு சிற்றறையே அவருடைய உறைவிடம். வாடகை செலுத்த வழியின்மையால் தோட்டம் பெருக்கினார்; அறைகளைத் தூய்மை செய்தார்; காவலாளியாகவும் இருந்தார். சமையற்காரருக்குக் கராத்தே கற்பித்து, உணவுக்கட்டணத்தில் சலுகை பெற்றார். மாணவர்கள் வெளியே சென்றிருந்த வேளைகளில் அவ்விடுதியின் கூடத்திலேயே பயிற்சி நடந்தது.

ஒருநாள் அவர் தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, இதழாளர் ஒருவர் வந்து, ஆசிரியர் ஃபுனகோஷியைக் காணவேண்டும் என்றார். சற்றுக் காத்திருக்குமாறு கூறிய அவர், துடைப்பத்தை வைத்துவிட்டு விரைந்து சென்றார். முறையான உடையணிந்து திரும்பிவந்து தம்மை அறிமுகம் செய்துகொண்டார். வந்தவர் வியந்து நின்றார்.

ஒருமுறை பணமுடை மிகவே, பழைய தொப்பியையும் ஒக்கினாவாக் கைத்தறி உடையையும் அடகுக்கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்த பணியாளர் அப்பொருள்களின் மதிப்பைவிட மிகுதியாகப் பணம் அளித்தார். அவருடைய தம்பி ஃபுனகோஷியிடம் பயிலும் மாணவர் என்பது பின்னரே தெரியவந்தது.

1922இல் அவர் எழுதிய கராத்தே நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் டோக்கியோவைப் பேரழிவுக்குள்ளாக்கிய நிலநடுக்கத்தில் அந்நூலின் அச்சுத்தகடுகள் அழிந்தன. மாணவர் சிலரும் மாண்டனர். பிழைப்பிற்காக ஒரு வங்கியில் படியெடுக்கும் பணிசெய்தார். பின்னர், வாட்போர்க்கலை ஆசிரியரான ஹக்குடோ நகயாமா தம் பயிற்சிக்கூடத்தை ஓய்வு வேளைகளில் பயன்படுத்திக்கொள்ளத் தந்து உதவினார். 1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் தொடங்கப்பட்டது. பிற பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன. ஜூடோவில் வழங்கிய வெண்ணிறப் பயிற்சியுடை, தரநிலைகள், கறுப்புப்பட்டை ஆகியவற்றைக் கராத்தேவிலும் அவர் புகுத்தினார்.

பெயரும் பொருளும்

கராத்தே என்னும் சொல்லில் 'தே' என்பது கையைக் குறிக்கும். 'கரா' என்பதனைச் சீனத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதுவது பழைய வழக்கம். அதே ஒலியுடைய மற்றோர் எழுத்து வெறுமையைக் குறிக்கும். ஒக்கினாவா ஆசிரியர் ஒருவர் 1905ஆம் ஆண்டிலேயே இரண்டாம் எழுத்தைப் பயன்படுத்தியிருந்தார். அதனையே நிலைபெறச் செய்யவேண்டும் என ஃபுனகோஷி வாதிட்டார். படைக்கருவி ஏந்தாத கை என்பது அதன் நேர்ப்பொருள். தன்னலமும் தீய எண்ணமும் நீங்கி வெறுமையான உள்ளம் என்பது அவர் உணர்த்த விரும்பிய உட்பொருள். சொல்லின் இறுதியில் நெறி எனப் பொருள்படும் 'டோ' என்பதனையும் சேர்த்துக் கராத்தே டோ என வழங்கினார்.

இம்மாற்றத்தை ஒக்கினாவா ஆசிரியர் பலர் எதிர்த்தனர். மூதாதையர் இட்ட பெயரை மாற்ற அவருக்கு உரிமையில்லை என்றனர். சீனாவுடன் ஜப்பான் பகைமை கொண்டிருந்த காலம் ஆதலின், சீனப்பெயரை நீக்குவதில் அரசியல் சூழலுக்கும் பங்கிருந்தது. எனினும், 1936ஆம் ஆண்டு நாஹா நகரில் கூடிய ஒக்கினாவா ஆசிரியர்களும் இப்புதிய எழுத்தை ஏற்றுக்கொண்டனர்.

மற்றொரு கருத்துவேறுபாடு அவருடைய மாணவர்களுடனேயே எழுந்தது. காட்டா மட்டும் போதாது, ஒருவரோடொருவர் மோதிப் பார்க்கும் போட்டியும் வேண்டும் என இளைஞர் விரும்பினர். வெற்றி தோல்வியில் மனம் சென்றால் தன்னை அடக்கும் நோக்கம் மறைந்துவிடும் என அவர் அஞ்சினார். இவ்விருவகைக் கருத்துகளும் இன்றுவரை தொடர்கின்றன.

பைன்மர அலை

இளமையில் சூரிக்கு அருகிலுள்ள பைன்மரக் காடுகளில் உலவுவது அவருடைய வழக்கம். அங்குக் காற்று எழுப்பும் ஓசையை நினைவுகூர்ந்து, பைன்மர அலை எனப் பொருள்படும் ஷோட்டோ என்னும் புனைபெயரில் கவிதை எழுதினார். மாணவர்களும் அன்பர்களும் பொருள் திரட்டி, டோக்கியோவின் சோஷிகாயாப் பகுதியில் 1930களின் இறுதியில் அவருக்கென ஒரு பயிற்சிக்கூடத்தைக் கட்டினர். அதற்கு ஷோட்டோகான் என்று பெயரிட்டனர். ஏறத்தாழ எழுபது வயதில் அவருக்குச் சொந்தக் களம் வாய்த்தது.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் அவருடைய மாணவர் பலர் மாண்டனர். 1945இல் நிகழ்ந்த குண்டுவீச்சில் ஷோட்டோகான் எரிந்து அழிந்தது. அவருடைய பணிக்கு வலக்கையாக விளங்கிய மூன்றாம் மகன் கிகோ காசநோயால் இறந்தார். ஒக்கினாவா பெரும்போர்க்களமாயிற்று. அங்கிருந்து வெளியேறிய மனைவியார் கியூஷூ தீவின் ஓயிட்டாவை அடைந்தார். ஃபுனகோஷியும் அங்குச் சென்று சேர்ந்தார். பல்லாண்டுப் பிரிவிற்குப்பின் இணைந்த முதியோர் இருவரும், உணவுத்தட்டுப்பாட்டுக் காலத்தில் கடற்பாசி சேகரித்தும் காய்கறி பயிரிட்டும் வாழ்ந்தனர். 1947இல் மனைவியார் மறைந்தார். அவருடைய அஸ்தியுடன் ஃபுனகோஷி தொடர்வண்டியில் டோக்கியோ திரும்பினார். வழியிலுள்ள நிலையங்களில் பழைய மாணவர்கள் காத்திருந்து வணங்கி ஆறுதல் கூறினர்.

இறுதிவரை மாணவர்

எஞ்சிய மாணவர்கள் 1949இல் ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்தபோது, அவரையே மதிப்புறு தலைவராக ஏற்றனர். ஏறத்தாழ எண்பது வயதில் ஓர் இரவு அவர் தனியே வீடு திரும்புகையில், வழிப்பறி செய்ய முனைந்த ஒருவன் அவரைத் தாக்க வந்தான். குனிந்து விலகிய முதியவர் அவனைப் பிடித்து அசையவிடாமல் செய்தார். கேட்போர் இதனை வெற்றியாகக் கருதுவர். ஆனால், அவர் அதனை எண்ணி நாணினார். அம்மனிதன் போரிலிருந்து மீண்டு வறுமையால் தவறிழைத்தவனாக இருக்கக்கூடும் என எண்ணி இரங்கினார். எக்காரணத்தாலும் தாக்குதலில் முந்தக்கூடாது என மாணவர்க்குக் கற்பித்த தாமே அதனின்று வழுவியதாக வருந்தினார். இந்நிகழ்ச்சியை மறைக்காமல் தம் வாழ்க்கை வரலாற்றிலும் பதிவுசெய்தார். அந்நூல் 1956இல் வெளிவந்தது.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் தம் 88ஆம் வயதில் ஃபுனகோஷி மறைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஜப்பான் கராத்தே சங்கம் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளில் கராத்தே இடம்பெற்றபோது, மோதலுடன் காட்டாவும் தனிப்பிரிவாக அமைந்தது. காமகுராவிலுள்ள எங்காக்குஜி கோயிலில் அவருக்கு நினைவுக்கல் எழுப்பப்பட்டுள்ளது. கராத்தே பயில்வோர் முதலில் தாக்குவதில்லை என்னும் அவருடைய கொள்கை அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

பலகாரத்தைக் கொடுத்துவிட்டு நடந்த இளைஞரும், வழிப்பறிக்காரனைப் பிடித்ததற்காக நாணிய முதியவரும் ஒருவரே. அவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட நெடிய ஆண்டுகளில் அவர் நாள்தோறும் பயின்றது ஒரே பாடம். அப்பாடத்தை முற்றக் கற்றுவிட்டதாக அவர் ஒருபோதும் எண்ணவில்லை.

தெரிந்து தெளிவோம்

டோஜோ – பயிற்சிக்கூடம். நுழையும்போதும் வெளியேறும்போதும் வணங்குதல் மரபு.
காட்டா – வரிசைமுறை மாறாத அசைவுகளின் தொகுப்பு.
குமித்தே – இருவர் எதிரெதிர் நின்று செய்யும் பயிற்சி.
மக்கிவாரா – குத்திப் பழகுவதற்கான வைக்கோல் சுற்றிய தூண்.

கற்பவை கற்றபின்…

1. முரடர்களிடம் பலகாரத்தைக் கொடுத்தது அச்சமா, அடக்கமா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. மரபைக் காத்தல், மரபை மாற்றுதல் ஆகிய இரண்டும் ஃபுனகோஷியின் வாழ்வில் இடம்பெற்ற இடங்களை அட்டவணைப்படுத்துக.
3. ஒரு கலையைப் போட்டியாக்குவதால் விளையும் நன்மை தீமைகள் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.